வழியில் ஒன்றுமில்லை என்று சொன்ன கண்ணுவுக்கு

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீயும் உன் தோழிகளும் ஏற்காடு போய்த் திரும்பிய இரவு, "ஏரி, படகு, லேடீஸ் சீட் எல்லாம் பார்த்தாச்சு பெரியம்மா, வழியில ஒண்ணும் இல்ல" என்று போனில் சொன்னாய். நீ களைத்திருந்ததால் அப்போது நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் பதினொரு ஆண்டுகள் தினமும் அதே வழியில் பேருந்தில் ஏறி இறங்கி, மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால், அந்தக் கடைசிச் சொல் மட்டும் என் மனத்தை விட்டு அகலவே இல்லை. உன்னைப் போல ஒரே நாளில் போய் வந்துவிடுகிற பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்கான கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

உன் வழி சேலத்துக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து வரும் ரயில் சேலம் சந்திப்பைத் தொடுவதற்குச் சற்று முன்னால் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்றொரு நிலையத்தைக் கடக்கும். மண்ணுக்கடியில் கிடைக்கும் ஒரு கனிமத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ரயில் நிலையம் அது. அந்தப் பக்கத்துக் கரடுகளில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை வெளேரென்று கோடுகள் ஓடுவதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது சாக்கும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பாறையில் நீரும் கரியமில வாயுவும் நெடுங்காலம் ஊடுருவியதால், அதிலிருந்த மக்னீசியம் வெள்ளை நரம்புகளாகத் திரண்டு நிற்கிறது. எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய இந்தக் கல் வேண்டும். எங்கள் ஊரில் யாரும் மேக்னசைட் என்று சொல்வதில்லை. வெள்ளைக்கல் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கும் புரியும். அடுத்த முறை ரயிலில் வரும்போது அந்த நேரத்துக்குப் போர்வையை மடித்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் முன்னால் நீங்கள் படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன், மகிழ்ச்சி. அது ஏதோ பழைய நுழைவாயில் என்று நினைத்துவிடாதே. டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய அந்தப் படப்பிடிப்பு நிலையத்தில்தான் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் உருவானது. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்ததும் அங்கிருந்துதான். சென்னைக்குப் போகாமலே சினிமாவில் வாழ முடியும் என்று நூற்றுக்கணக்கானோருக்குக் காட்டிய இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன, வளைவு மட்டும் சாலையைப் பார்த்து நிற்கிறது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. அவற்றை எண்ணிக்கொண்டே நீ போயிருப்பாய். மலைமேல் ஏறியபின் நீ பார்க்காமல் வந்த ஒன்றைப் பற்றித்தான் நான் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பத்து நாட்களாகப் பள்ளிக்கு வராத ஒரு மாணவியைத் தேடி, சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அவளுடைய ஊருக்கு நடந்து போனேன். ஊர் எல்லையில் ஒரு மரத்தடியில் கற்களை வட்டமாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சாதாரணக் கற்கள் என்று நினைத்துக் கடக்கப் போனவள், நடுவில் இருந்த ஏழெட்டுக் கற்கள் மட்டும் எண்ணெய்ப் பளபளப்போடு கருமையாக மின்னுவதைக் கண்டு நின்றேன். உள்ளங்கை நீளம், ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்று, அந்த அகன்ற விளிம்பு கத்திவாய் போல இரண்டு பக்கமும் தேய்க்கப்பட்டிருந்தது. மஞ்சளும் குங்குமமும் பல ஆண்டுகளாகப் படிந்து, கல்லின் குழிகளில் மெழுகுபோல இறுகியிருந்தன. கையில் எடுத்துப் பார்க்கக் குனிந்தபோது, பின்னாலிருந்து மாணவியின் பாட்டி, "எடுக்காதீங்க டீச்சர், அது புள்ளையாருங்க" என்றார். மழை பெய்து மண் அரித்தால் வெளியே வரும் என்றும், உழும்போது தட்டுப்பட்டால் கொண்டுவந்து இங்கே வைத்து எண்ணெய் ஊற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

அந்தப் பிள்ளையார்கள் புதிய கற்கால மனிதர்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகள். உலோகம் தெரியாத காலத்தில் காட்டைத் திருத்திய ஒருவருடைய கைக்கருவி, அதே மலையில் பல்லாயிரம் மழைகளுக்குப் பிறகு வெளியே வந்து, தெய்வமாக உட்கார்ந்திருக்கிறது. இப்படிக் கோடாரிகளை மரத்தடியில் வைத்து வழிபடும் வழக்கம், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையின் ஊர்கள் சிலவற்றில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இதே கல்லை நான் பின்னாளில் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்கு எண் இருந்தது. மலையூரில் அதற்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

இப்படிப்பட்ட கற்கருவிகளின் காலத்தை நம் நாட்டில் முதலில் உணர்ந்து தேடியவர்களில் தலையாயவரான ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கல் வெட்டிய ஒரு குழியில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தார். அது பழைய கற்காலக் கருவி என்று அவர் அடையாளம் கண்டதிலிருந்துதான் இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வு வேர்பிடித்தது. ஓய்வு பெற்றபின் அவர் வாழ வந்தது நம் ஏற்காட்டுக்குத்தான். சேர்வராயன் மலையிலும் அவர் கற்கோடாரிகளைச் சேகரித்தார். அவருடைய பெரும் சேகரிப்பு இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெருவோரக் குழியருகே நின்று குனியத் தெரிந்த ஒரு மனிதர் தம் கடைசிக் காலத்துக்குத் தேர்ந்துகொண்ட ஊரைத்தான், கண்ணு, நீ ஒன்றுமில்லை என்றாய்.

பகோடா பாயிண்டில் படம் எடுத்தீர்கள் அல்லவா, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டீர்களா? அங்கே கோபுரம்போலக் குவித்து வைத்திருக்கும் கற்குவியல்கள்தான் அந்தப் பெயருக்குக் காரணம். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்காக அவற்றுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறார்கள்.

மலையிறங்கி நகருக்குள் வந்தால் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு அது மற்றுமொரு முனியப்பன் கோயில். ஆனால் உள்ளே இருக்கும் உருவம் தாமரைப் பீடத்தில் அமர்ந்து, கைகளை மடியில் தியான முத்திரையில் வைத்திருக்கிறது. அரிவாளும் இல்லை, முறுக்கிய மீசையும் இல்லை. தொல்லியல் துறையினர் ஆய்ந்து, சுருள்முடியையும் நீண்ட காதுகளையும் கண்டு, உடலிலிருந்து துண்டிக்கப்பட்ட தலை பின்னாளில் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டப்பட்டிருப்பதையும் பதிவு செய்து, இது புத்தர் சிலை என்று அறிக்கை தந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றி ஊரில் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: சிலை யாருடையது என்பதை மக்கள் மறந்த பின்னும், அதன் தலை வெட்டப்பட்டது என்ற செய்தியை அவர்கள் மறக்கவில்லை, பெயரிலேயே பொதிந்து தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்திருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் புத்தர் தனியாகவும் இல்லை. தலைவாசல் பக்கம் தியாகனூரில் இன்னும் இரண்டு பெரிய புத்தர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் எல்லோரும் ஏத்தாப்பூர் அருகே 146 அடி உயர முத்துமலை முருகனைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2022-இல் குடமுழுக்கு நடந்த அந்தச் சிலை மலேசியப் பத்துமலை முருகனைவிட ஆறு அடி அதிகம். சாலையிலிருந்தே தெரியும், அதனால் யாரும் தவறவிடுவதில்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் தியாகனூருக்கு வண்டியைத் திருப்ப, ஊருக்குள் யாரிடமாவது வழி கேட்டாக வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டு அந்த மரத்தடிக்கு மறுபடி போனபோது, நடுவிலிருந்த கற்களில் இரண்டுதான் மிச்சம் இருந்தன. சுற்றிப்பார்க்க வந்த யாரோ எடுத்துப் போய்விட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எடுத்தவர் வீட்டில் அது இப்போது காகிதம் பறக்காமல் இருக்க வைத்த கல்லாகக் கிடக்கலாம். அதனால்தான் அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நீயும் படம் எடுத்தால் இடத்தைக் குறிப்பிடாமல் போடு.

பொங்கல் விடுமுறைக்கு இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வா. முதல் நாள் நகரையும் தியாகனூரையும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை முதல் பேருந்தில் மலைக்குப் போவோம். பள்ளிக்கு வராமல் இருந்தாளே, அந்த மாணவி இப்போது அதே ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நாம் வருவதாக அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு சின்னப் புட்டியில் நல்லெண்ணெய் எடுத்து வைக்கிறேன். பாட்டி இருந்தவரை அந்த மரத்தடிக்கு யாரையும் வெறுங்கையோடு அழைத்துப் போனதில்லை.

அன்புடன்,
பெரியம்மா