அத்தைக்கு, அயர்லாந்திலிருந்து

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாமா சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா? போனில் பேசினால் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள். "வார்டுல என்னதான் செய்யுற, ஒழுங்கா சொல்லு" என்று கேட்டீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை செய்வது அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு வட்டார ஆஸ்பத்திரி. எண்ணூர், திருவொற்றியூர் ஜனங்களுக்கு சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி எப்படியோ, சுற்றியிருக்கிற சின்ன ஊர்களுக்கு இது அப்படி. காலை எட்டு மணிக்கு ட்யூட்டி ஏறினால் இறங்க ராத்திரி எட்டு தாண்டிவிடும். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு.

மருந்து, மானிட்டர் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். எனக்குப் புதிதாக இருந்தது நோயாளியின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. நம் ஊரில் கூட இருக்கிற அம்மாவோ தங்கச்சியோ துடைத்துவிடுவார்கள், ஊட்டுவார்கள், யூரின் பாட்டிலை எடுத்துப் போய்க் கொட்டுவார்கள். ஊசி, ட்ரிப்ஸ், கேஸ் ஷீட் என்று ஓடவே நமக்கு நேரம் சரியாக இருக்கும். இங்கே சொந்தக்காரர்கள் பார்க்கிற நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குளிப்பாட்டுவது, வாய் கழுவிவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நர்ஸும் உதவியாளரும் சேர்ந்து செய்கிறோம்.

போன வாரம் ஒரு பெரியவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவராம், இப்போது பக்கவாதம். வெந்நீர் எடுத்துவந்து, திரையை இழுத்து மூடி, முதலில் முகம். கண்ணுக்குச் சோப்பு கிடையாது. மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒரு கண்ணுக்குப் பட்ட துணி மறு கண்ணுக்குப் போகக் கூடாது. கையைத் துடைத்தபோது, விரல் மடிப்பில் கயிறு அறுத்த பழைய தழும்புகள். காசிமேட்டில் தாத்தாவின் கை நினைவுக்கு வந்தது. பக்கவாட்டில் புரட்டியதும் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் ஆரம்பம். உடனே காற்று மெத்தை போட்டோம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டச் சொல்லி எழுதி வைத்தோம். கை வைத்துத் துடைக்காமல் இருந்திருந்தால், புண் உடைந்த பிறகுதான் தெரிந்திருக்கும். உடம்பைத் தொட்டுக் கவனிப்பதை நர்ஸ் வேலையின் நடு இடத்தில் வைத்திருக்கிறார்கள் அத்தை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1831-ல் டப்ளினில் கேத்தரின் மெக்காலி என்ற அம்மையார் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஊரில் காலரா. அந்தச் சகோதரிகள் காலரா ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். இதைப் படித்ததும் நீங்கள்தான் கண்முன் வந்தீர்கள். 1992 கடைசியில் புதுவகைக் காலரா சென்னையில் தலைகாட்டியபோது தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியில், நடுவில் ஓட்டை போட்ட கட்டிலுக்கு அடியில் இருக்கும் பக்கெட்டில் விழுந்த பேதியை அளந்து அளந்து சலைன் ஏற்றினோம் என்பீர்களே, அதே வேலையின் பரம்பரைதான் இது.

இன்னொன்று. இங்கே பஞ்சம் வந்தது 1845-ல். உருளைக்கிழங்கு அழுகிப்போய் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் ஏழைகள் விடுதிகளில் போய் விழுந்தார்கள். பின்னாளில் அந்த விடுதிகளில் பல ஆஸ்பத்திரிகளாயின. நம் ஸ்டான்லியும் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்ததுதானே. பழைய ஜெயில் ரோட்டில் ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றால் போதும். பசித்தவனுக்காகத் திறந்த கதவு என்பதால், இரண்டு இடத்தின் மேலும் எனக்கு ஒரே மாதிரி மரியாதை.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவசரப் பிரிவில் கட்டில் கிடைக்காமல் வயசானவர்கள் டிராலியிலேயே ராத்திரி முழுக்கக் கிடக்கிறார்கள். நர்ஸ்கள் சங்கம் தினமும் அவர்களை எண்ணி வெளியிடுகிறது. பணக்கார நாட்டில் இது நடப்பது எனக்கு ஆறவே இல்லை.

சாவை இவர்கள் நடத்துகிற விதத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருந்தால் வார்டில் ஊதா நிறத்தில் வெள்ளை முச்சுழி போட்ட அட்டையை வைப்போம். பார்த்ததும் கிளீனர் முதல் பெரிய டாக்டர் வரை குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உயிர் போனதும் பழைய நர்ஸ்கள் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள், ஆத்மா போவதற்கு. அப்புறம் உடம்பைத் துடைக்கும்போதும், உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே, "இப்போ உங்களைத் திருப்பப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்வார்கள். நானும் சொல்கிறேன், சில சமயம் தமிழில் வந்துவிடுகிறது.

சின்னவள் இங்கே வர ஆசைப்படுகிறாள் என்றீர்கள். நல்லது, வரட்டும். முதலில் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி, இரண்டில் ஒரு ஆங்கிலத் தேர்வு எழுதட்டும். பிறகு இங்குள்ள நர்சிங் கவுன்சிலுக்கு நேராகவே விண்ணப்பிக்கலாம், ஏஜெண்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. கவுன்சில் தேர்வு எழுதச் சொல்லலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே சில வாரம் வைத்து அவள் வேலை செய்வதைக் கவனித்துப் பார்க்கலாம். எதுவானாலும் நோயாளியைப் புரட்டுவதும் துடைப்பதும் கைக்கு வந்திருக்க வேண்டும். அதை அவளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். மாமாவைப் படுக்க வைத்துப் பழகட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். நெத்திலிக் கருவாடு மட்டும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்