செர்ரி அன்று, களாக்காய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் தீபாவளி இணைப்பில் வெளியான பால் கேக் குறிப்பு, ‘மேலே செர்ரிப் பழம் வைத்து அலங்கரிக்கவும்’ என்று முடிந்திருந்தது. பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். அந்த ஒரு வரியைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை. நம் ஊர்க் கடைகளில் புட்டியில் அடைத்தும், நிறுத்துப் பொட்டலம் கட்டியும் விற்கிற அந்தச் சிவப்பு உருண்டை பெரும்பாலும் செர்ரியே அன்று. விதை நீக்கி, வெளுக்க வைத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய் அது. பன்னின் மேலும் பீடாவின் மேலும் குத்தியிருப்பதும் அதுதான்.

வைகாசியில் காரைக்குடியில் ஒரு திருமண விருந்தின்போது என் மகள் வயிற்றுப் பேத்தி பீடாவிலிருந்து அதை எடுத்துக் காட்டி, “ஆயா, இது எந்த ஊரில் காய்க்கும்?” என்று கேட்டாள். “நம் வீட்டுப் பின்கட்டு வேலியில் காய்க்கும்” என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? வேலியில் அவள் பார்த்த காய்க்கும் அந்தப் பளபளப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோட்டையூரில் நான் வளர்ந்த காலத்தில், ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் என் அப்பத்தா எங்களைச் செம்மண் பொட்டலுக்கு அனுப்புவார்கள். முள் கீறிய கையோடு கொட்டான் நிறையக் களாக்காய் கொண்டுவருவோம். காம்பைக் கிள்ளினால் பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். முழுக்கப் பழுத்துக் கறுத்ததை அப்போதே தின்றுவிடுவோம். ஒரு பக்கம் மட்டும் சிவந்து, அழுத்தினால் கெட்டியாக இருப்பவைதான் ஜாடிக்கு. ரங்கூனிலிருந்து வந்த பீங்கான் ஜாடி ஒன்று இரண்டாங்கட்டில் இதற்கென்றே இருந்தது.

அப்பத்தாவின் முறையை இன்றும் நான் மாற்றவில்லை. ஒரு கிலோ காயைக் கழுவி, கீறி, விதையை எடுத்துவிட்டு, உப்பு நீரில் ஓர் இரவு போட வேண்டும். பாலும் துவர்ப்பும் அதில் இறங்கிவிடும். மறுநாள், வெற்றிலைச் செல்லத்திலிருந்து கொட்டைப்பாக்களவு சுண்ணாம்பை எடுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் மூன்று மணி நேரம். அப்பத்தா காரணம் சொன்னதில்லை, பின்னாளில் நான்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் காயிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளோடு சேர்ந்து சதையை இறுக்குகிறது. அதனால்தான் பாகில் கொதித்தாலும் காய் குழைவதில்லை. ஆனால் சுண்ணாம்பு காரம், அதாவது புளிப்புக்கு எதிர்க்குணம் உடையது. காயின் இயற்கைச் சிவப்பு, காரம் பட்டால் நீலம் பாய்ந்து மங்கும். ஆகவே ஐந்தாறு முறை நல்ல நீரில் அலசியே தீர வேண்டும். காயின் புளிப்பு மேலோங்கியதும் சிவப்பு தானாகத் திரும்பிவிடும்.

பிறகு பாகு. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். கெட்டிப் பாகில் காயை நேரே போட்டால், பாகு உள்ளே போவதற்குள் காயின் நீர் வெளியே வந்து அது சுருங்கிப் போகும். முதல் நாள் சர்க்கரையும் நீரும் சம அளவாக இளம்பாகு. அதில் காயைக் கொதிக்கவிட்டு மூடி வைக்க வேண்டும். அடுத்த நாள் முதல் காயை வடித்தெடுத்து, பாகில் ஒரு கை சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, மறுபடி காயின் மேல் ஊற்ற வேண்டும். இப்படி ஒரு வாரம். பாகு தேன் போலத் தடித்து, காய் கண்ணாடி போல ஒளி ஊடுருவ நின்றால் ஆயிற்று. காயின் புளிப்பே சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிரித்துவிடுவதால் பாகு எளிதில் சர்க்கரை பூத்துப்போகாது, எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை. பாகோடு ஜாடியில் இருந்தால் தீபாவளி தாண்டியும் கெடாது. வேண்டியபோது வடித்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, சல்லடையில் நிழலில் உலர்த்தி, பொடித்த சர்க்கரையில் புரட்டலாம். ஐப்பசி அடைமழையில் முன்கூட்டிப் புரட்டி வைத்தால் சர்க்கரை நீர்த்துவிடும் என்பதால் அன்றன்றைக்குப் புரட்டுவதே நல்லது. கறுத்த கவுனி அரிசியின் மேல் வெள்ளைச் சர்க்கரை பூத்த நான்கு களாக்காயை வைத்துப் பாருங்கள், அதற்கு ஈடான அலங்காரம் எந்தப் புட்டியிலும் கிடையாது.

கடைச் சரக்கின் சிவப்பு எரித்ரோசின் என்னும் சாயம். பொட்டலத்தில் 127 என்ற எண்ணாக இருக்கும். புளிப்பில் கரையாமல் காய்க்குள்ளேயே தங்கிவிடும் குணத்தால்தான் அது வெள்ளைக் கேக்கில் கசிவதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்யக் காரணமான ரோடமின்-பி வேறு, இது வேறு. வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரோடமின் துணிச்சாயம். எரித்ரோசினை நம் நாட்டில் வரம்புக்குள் சேர்க்க அனுமதி உண்டு. அமெரிக்காவிலோ 2025 ஜனவரியில் உணவில் அதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டார்கள். ஆண் எலிகளில் கண்ட புற்றுநோயே காரணம். எலிகளில் அது வரும் வழி மனிதர்களிடம் இல்லை என்று அந்நாட்டு உணவு, மருந்துத் துறையே கூறியது. ஆயினும் விலங்குக்குப் புற்றுநோய் தரும் சேர்மானம் உணவில் கூடாது என்பது அவர்கள் சட்டம். நான் யாரையும் அச்சுறுத்த எழுதவில்லை. ஆனால் தானாகச் சிவக்கிற ஒரு காயை வெளுத்து, மறுபடி சிவப்பாக்கி, அதன் பெயரையும் பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெயர் போனால் செடியும் போகும். எங்கள் தெருக்கோடியில் ஆளுயரம் நின்ற களாப் புதரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனை போடுவதற்காக வேரோடு பிடுங்கினார்கள். ‘வெறும் முள்’ என்றார்கள். அதே வாரம் அதே வீட்டாரின் புதுமனை விழாவில் கேக்கின் மேல் ‘செர்ரி’ இருந்தது.

தங்கள் இணைப்பைப் பார்த்துச் சமைக்கும் பெண்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஆகவே வரும் ஞாயிறு திருத்தமாக ஒரு வரி வெளியிடுங்கள்: ‘செர்ரி என்றிருந்த இடத்தில் சர்க்கரையில் புரட்டிய களாக்காய் என்று படிக்கவும்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.