எதிர்வீட்டு ஆசிரியைக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

படையிலிருந்து திரும்பிய பின் போர் விட்டுச்சென்ற மனநோயால் வாடி, காணாமல்போயிருந்த எங்கள் அண்ணன் வீடு திரும்பிவிட்டார். எங்கள் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை இம்மடலைப் படிப்பவர்கள் எல்லாரும் அறிவீர்கள் என்பதால், அதை மறுபடியும் விரிவாக எழுதப் போவதில்லை. டார்ச்சுடன் இரவெல்லாம் தேடிய தெருப் பிள்ளைகள், ரயில் நிலையத்திலிருந்து தகவல் சொன்னவர், செய்தி கேட்ட மறுநாளே வந்து நின்ற அண்ணனுடைய பழைய படைத் தோழர்கள், எங்களையும் உட்கார வைத்துப் பேசிய மனநல மருத்துவர், அடுப்பு மூட்ட மனமில்லாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய வீட்டார் என அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும். அண்ணனைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம், அன்பினால்தான் என்றாலும், அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்த நாட்களில், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒரு முறத்தில் வேர்க்கடலையுடன் வந்து திண்ணையில் அமர்ந்தார். "நீங்க இதை உரிச்சுக்கிட்டே இருங்க தம்பி, நான் ஒரு கதை சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். அன்று தொடங்கி மாலைதோறும், லெஸ்லி மார்மன் சில்கோ 1977இல் எழுதிய 'செரமனி' (சடங்கு) நாவலை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிப்பதும் தமிழில் அதைச் சொல்வதுமாக இருந்தார்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் லகூனா புவேப்ளோ பழங்குடியினரிடையே வளர்ந்தவர் சில்கோ. நாவலும் அந்த ஊரைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரனாகச் சென்று பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் பிடிபட்ட டேயோ என்ற இளைஞன், உடன்பிறந்தவனைப் போலக் கூடவே வளர்ந்த பெரியம்மா மகன் ராக்கியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக ஊர் திரும்புகிறான். சுடுவதற்காக நிறுத்தப்பட்ட ஜப்பானியர்களில் ஒருவனின் முகத்தில் தன் தாய்மாமன் ஜோசையாவைக் கண்டு நடுங்கியவன் அவன். காயம்பட்ட ராக்கியைச் சுமந்து சென்றபோது விடாது பெய்த மழையைத் தான் சபித்ததால்தான் சொந்த ஊரில் மழை பொய்த்தது என்று நம்புகிறான். "அப்புறம் மழை பெஞ்சுதா டீச்சர்?" என்று அண்ணன் கேட்டதே, பல நாட்களுக்குப் பிறகு அவர் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. ஆசிரியை கதையை முந்திச் சொல்ல மறுத்துவிட்டார்.

இடையிடையே நாவலுக்கு வெளியே உள்ளதையும் அவர் சொன்னார். அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் 1924இலேயே குடியுரிமை வழங்கப்பட்டிருந்தும், நியூ மெக்ஸிகோவில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழ்ந்தவர்களுக்கு 1948 வரை வாக்குரிமை மறுக்கப்பட்டது. மரீன் படையில் பணியாற்றித் திரும்பிய மிகெல் ட்ருஹியோ என்ற ஆசிரியர் வழக்குத் தொடுத்த பிறகே அது கிடைத்தது. சீருடையில் இருந்தவரை கிடைத்த மரியாதை, அதைக் கழற்றியதும் போய்விட்டதை மறக்க டேயோவின் நண்பர்கள் மதுக்கடையில் அமர்ந்து போர்ப் பெருமை பேசுவதும், எமோ என்பவன் கொன்றவனின் பற்களைப் பையில் போட்டுக் குலுக்குவதும் ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊரின் முதிய வைத்தியர் செய்யும் பழைய சடங்கு டேயோவுக்குப் போதவில்லை. எதிரியின் முகத்தையே பாராமல் கொல்லும் போருக்கு அந்தச் சடங்கில் இடமில்லை. பழைய நாட்காட்டிகளையும் தொலைபேசிப் புத்தகங்களையும் குவித்து வைத்திருக்கும் பெட்டோனி என்ற நவஹோ பழங்குடி வைத்தியர், காலத்துக்கேற்ப சடங்குகளும் மாற வேண்டும் என்கிறார். அவர் காட்டும் வழியில், காணாமல்போன மாமாவின் புள்ளி மாடுகளைத் தேடி டேயோ மலையேறுகிறான். தெற்கேயுள்ள மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்த அந்த மாடுகள் எங்கே விட்டாலும் தெற்கு நோக்கியே நடப்பவை என்றதும் அண்ணன் சிரித்துவிட்டார். "வாங்கிட்டு வந்த மாடு பழைய கட்டுத்தறிக்குத்தான் போகும். ஒரு வருஷம் ஆனாலும் போகும்" என்று சொல்லி, எங்கள் தாத்தா சந்தையில் வாங்கிய மயிலைப் பசுவின் கதையை அவரே தொடங்கினார். மலையில் டேயோ சந்திக்கும் பெண் மட்டும் எனக்குக் கனவில் வருபவளாகவே தோன்றினாள். ஆசிரியை இதை ஒப்புக்கொள்ளவில்லை, அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

யுரேனியச் சுரங்கத்தில் நிகழும் கொடிய இறுதிக் கட்டம் வந்தபோது அவர் புத்தகத்தை மூடி, "சொல்லட்டுமா, நாளைக்குப் பார்க்கலாமா?" என்றார். அத்தனை மாலைகளில் அண்ணனிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அது. வெகுநேரம் கழித்து, "சொல்லுங்க" என்றார் அண்ணன். தன் கண்ணெதிரே நண்பன் வதைக்கப்படுவதைக் கண்டும், கையிலிருந்த ஸ்குரூடிரைவரால் எமோவைக் குத்தாமல் டேயோ இருளில் நின்றுவிடுகிறான். அது கோழைத்தனமா என்று நான் கேட்டதற்கு ஆசிரியைக்கு முன் அண்ணனே "இல்ல" என்றார். அடுத்த முறை மருத்துவரிடம் அவர் தனியாகப் பேச விரும்பினார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. இதைக் கதையின் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரைகள் தொடர்கின்றன, தொடரத்தான் வேண்டும். ஆனால் போர் விட்டுச்செல்லும் இந்த நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980இல்தான் தனிப்பெயர் கொடுத்தது என்பதையும், சில்கோவின் நாவல் அதற்கும் மூன்றாண்டு முந்தியது என்பதையும் எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குடியரசு தின விழாவில் வீரக்கதை பேச அண்ணனை யாரும் இப்போதைக்கு அழைக்க வேண்டாம். விருப்பம் வந்தால் அவரே வருவார். நானும் இனி அவரிடம் எதையும் துருவிக் கேட்பதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறேன். படையிலிருந்து திரும்பியவர் உள்ள வேறு வீடுகளில் இக்கதையைக் கேட்க விரும்பினால் என்னிடம் சொல்லுங்கள். ஆசிரியை வரச் சம்மதித்திருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அவருக்கு ஒழியும். காது சற்று மந்தம் என்பதால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கும்.