செட்டை ஏன் அரை நாள் வைத்துக்கொள்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாக்கி டாக்கியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி ரேஞ்சை ஏத்தி வைங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போகிறவர்கள் நம் கடையில் வாடிக்கை. இந்த மாதம் முதல் ட்யூனிங்குக்கு, அதாவது ஃப்ரீக்வென்சி, பவர் போன்ற அளவுகளைச் சரிப்படுத்த வரும் எந்தச் செட்டையும் அரை நாளாவது வைத்திருந்துதான் தருவோம். காரணத்தைச் சொல்லிவிடுவது மரியாதை என்பதால் இந்த மடல்.

ரேஞ்ச் குறைந்துவிட்டது என்று வரும் பல செட்டுகளுக்கு ட்யூனிங்கே வேண்டியதில்லை. ஆன்டெனா உள்ளே முறிந்திருக்கும், பேட்டரி தளர்ந்திருக்கும், அல்லது விஎச்எஃப் எனும் கீழ் அலைவரிசைக்கான ஆன்டெனாவை யுஎச்எஃப் எனும் மேல் அலைவரிசைச் செட்டில் மாட்டியிருப்பார்கள். அதனால் அவற்றைப் பார்த்த பிறகுதான் செட்டைப் பெஞ்சுக்கு எடுப்போம்.

பெஞ்சில் முதல் வேலை சும்மா இருப்பது. செட்டைச் சோதிக்கும் சர்வீஸ் மானிட்டரையும் ஃப்ரீக்வென்சியை அளக்கும் கவுன்ட்டரையும் போட்டுவிட்டு அரை மணி நேரம் தொட மாட்டோம். அந்தக் கருவிகளின் உள்ளே அளவுக்கு ஆதாரமாக இருக்கும் கிரிஸ்டல் சூடேறி நிலைப்பட வேண்டும். 446 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 446 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். தராசே தப்பென்றால் எடையை யாரிடம் கேட்பது? நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் அந்த அரை மணி நேரம் மறுபடி முதலிலிருந்து.

அடுத்து இணைப்பு. ஆன்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் அடாப்டர் போட்டு, 50 ஓம் கேபிள் வழியாக பவரை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் 30 டெசிபல் அட்டெனுவேட்டருக்குக் கொண்டுபோவோம். செட் விடும் 5 வாட், மறுபக்கம் 5 மில்லிவாட்டாக இறங்கி மீட்டருக்குள் போகும். கேபிள் குட்டையாக இருக்க வேண்டும். சாதாரண ஆர்ஜி-58 கேபிள் 3 மீட்டர் ஓடினால் யுஎச்எஃப்பில் சுமார் 1 டெசிபல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு பவர், வழியிலேயே போய்விடும். அதைக் கணக்கில் சேர்க்காதவர், நன்றாக இருக்கும் செட்டைக் குறை சொல்லித் திருகிவிடுவார். பேட்டரியின் இடத்தில் நிலையான வோல்ட் தரும் பவர் சப்ளை வைப்போம், சார்ஜ் இறங்க இறங்க அளவும் இறங்கிவிடக் கூடாதல்லவா.

இந்த இணைப்பில் நாங்களே சூடு கண்டிருக்கிறோம். ரிசீவரைப் பார்க்க, சோதனைச் சிக்னல் தரும் சிக்னல் ஜெனரேட்டரை நேரே செட்டில் மாட்டியிருந்த நேரம், புதிதாகச் சேர்ந்த தம்பி பழக்க தோஷத்தில் பேசும் பட்டனை அழுத்திவிட்டான். மைக்ரோவோல்ட் கணக்கில் சிக்னல் கொடுக்கிற வாய்க்குள் 5 வாட் திரும்பிப் போனது. ஜெனரேட்டரின் அவுட்புட் பகுதி அத்தோடு முடிந்தது. தம்பியைத் திட்டவில்லை, மாட்டியவன் நான்தான். இப்போது ரிசீவர் சோதனையின்போது பட்டன் மேல் டேப் ஒட்டிவிடுகிறோம்.

திருகுவதிலும் வரிசை உண்டு. முதலில் ஃப்ரீக்வென்சி, பிறகு பவர், பிறகு டீவியேஷன், அதாவது பேசும்போது ஃப்ரீக்வென்சி இருபுறமும் அசையும் அளவு. 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் எவ்வளவு கத்திப் பேசினாலும் டீவியேஷன் 2.5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிர்முனையில் குரல் உடையும், பக்கத்துச் சேனல்காரருக்கும் தொந்தரவு. பழைய செட்டுகளில் ட்ரிம்மர் எனும் சரிப்படுத்தும் குட்டிப் பாகத்தைச் செராமிக் திருப்புளியால் திருகுவோம், ஏனென்றால் இரும்பு முனை பக்கத்தில் போனாலே அளவு மாறும். புதியவற்றில் கேபிள் போட்டுச் சாஃப்ட்வேரில் மாற்ற வேண்டும். அதற்கு முன் உள்ளே இருக்கும் அளவுகளை அப்படியே சேமித்துக்கொள்வோம்.

நேரம் தின்பது ரிசீவர்தான். 1 கிலோஹெர்ட்ஸ் விசிலை ஏற்றிய சிக்னலைக் கொடுத்து, அதைக் குறைத்துக்கொண்டே போவோம். ஸ்பீக்கருக்கு வரும் மொத்த ஓசை வோல்ட்டில் இரைச்சலும் கலங்கலும் சேர்ந்து கால் பங்கு ஆகும் இடத்தில் நிறுத்துவோம். இதைத்தான் 12 டெசிபல் சைனாட் என்கிறோம். நல்ல செட் அந்த இடத்தை ஏறத்தாழ 0.25 மைக்ரோவோல்ட்டில் தொடும். ஒரு வோல்ட்டை 40 லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு அது. இவ்வளவு நலிந்த சிக்னலைப் பக்கத்தில் இருக்கும் எல்இடி லைட்டும் செல்போன் சார்ஜரும் கெடுத்துவிடும். எனவே அந்த நேரத்தில் கடை இருட்டாக இருந்தால் மூடிவிட்டோம் என்று திரும்பிப் போகாதீர்கள்.

"பவரை மட்டும் ஏத்துங்க" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 4 வாட்டை 5 வாட் ஆக்கினால் கூடுவது 1 டெசிபல். எதிரில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது, உங்கள் செட்டின் பவர் டிரான்சிஸ்டருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். இடுப்பில் செருகிய செட்டை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசினால் அதைவிட அதிகம் கிடைக்கும். கம்பெனி குறித்த அளவுக்கு மேல் நாங்கள் ஏற்ற மாட்டோம். அதேபோல, உரிமம் இல்லாத ஃப்ரீக்வென்சியையும் போட்டுத் தர மாட்டோம். உரிமம் தேவையில்லாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் குறைந்த பவர் செட்டுகளைத் தவிர, மற்றவற்றுக்கு உரிமச் சீட்டின் நகலைக் கொண்டுவாருங்கள்.

வரும்போது பேட்டரி, சார்ஜர், ஆன்டெனாவோடு அதே குழுவில் நன்றாக இயங்கும் இன்னொரு செட்டையும் எடுத்து வாருங்கள். சில நேரம் ஃப்ரீக்வென்சி விலகி நிற்பது அந்த 'நல்ல' செட்டாக இருக்கும். ட்யூனிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதித் தருகிறோம், அடுத்த முறை அதையும் கொண்டுவந்தால் எங்கள் வேலை குறையும். காலை 11 மணிக்குள் கொடுத்தால் அன்று மாலையே கிடைக்கும். திருவிழாவுக்கு மொத்தமாகச் செட் எடுப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
சர்வீஸ் பெஞ்சிலிருந்து