கொட்டகைக்குப் பணம் கேட்ட தம்பிக்கு

பூல், இங்கிலாந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வீடியோ கால் போட்டால் அம்மா உன் கையிலிருந்து பிடுங்கி, "ஏன்டி இப்படி இளைச்சிட்டே" என்று ஆரம்பித்துவிடுவார், விஷயம் போய்விடும். பணக் காரியம் எழுத்தில் இருப்பதுதான் நல்லது. மன்றத்துப் பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டு.

நம் கடலூர்க் கெடிலக்கரையில் பிள்ளைகளுக்கு நீச்சலும் படகு ஓட்டவும் சொல்லித்தரக் கொட்டகை போடப் போகிறோம், பணம் அனுப்பு, உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்களிடமும் வசூல் பண்ணி அனுப்பு என்று கேட்டிருந்தாய். என் பங்கை அனுப்புகிறேன். முழுச் செலவையும் நான் தரமாட்டேன். மற்றவர்களிடம் வசூலிக்கவும் மாட்டேன். கோபப்படாமல் மேலே படி.

என் பையன், உன் மருமகன், இங்கே கடல் சாரணர் குழுவில் இருக்கிறான், தெரியும்தானே? பத்தரை வயதிலிருந்து பதினான்கு வரை ஒரு பிரிவு, அதில்தான் அவன். நாங்கள் இருக்கும் இந்த ஊர் துறைமுகத்துக்குள்ளேதான் பிரவுன்சி தீவு. 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் இருபது பையன்கள் போலச் சேர்த்துக்கொண்டு முதல் முகாம் போட்ட இடம். பெரிய வீட்டுப் பிள்ளைகளையும் இந்த ஊர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் தூங்க வைத்தாராம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சின்ன விஷயமில்லை. கரையிலிருந்து பார்த்தாலே தீவு தெரியும். பையனுக்கு அது வெறும் மரம் அடர்ந்த மேடு, பெருமை எல்லாம் எனக்குத்தான்.

இந்தச் சாரணர் குழுவின் பழைய படகுக் கொட்டகையை நீ பார்த்திருக்க வேண்டும். கூரை ஒழுகும், கதவு சாத்தாது, பாதிப் படகுகள் வெளியே தார்பாய்க்கு அடியில் கிடக்கும். உடை மாற்றுகிற இடத்தில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். மே மாதத்தில்கூட இங்கே தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறும் தம்பி, நம் கடல் மாதிரி நினைக்காதே. அதனால் புதிதாக ஒரு படகு மையம் கட்டுவது என்று முடிவு பண்ணினார்கள். கீழே படகு வைக்க, பட்டறை போட. மேலே கூடம். தண்ணீருக்குள் சரிந்து இறங்குகிற சிமெண்டுத் தளம். அதற்கு ஆகும் தொகையைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, என் பக்கத்தில் இருந்த இன்னொரு பையனின் அம்மா டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

சரி, இவ்வளவு பணத்துக்கு யாராவது பெரிய மனிதரைப் பிடிப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வாரமே பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கார் கழுவுவது ஒரு கூட்டம். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் நின்று, வாங்கியவர்களின் சாமான்களைப் பையில் அடுக்கிக் கொடுப்பது இன்னொரு கூட்டம். பக்கத்தில் மூடிய வாளி இருக்கும், இஷ்டப்பட்டால் போடலாம். வாளியைக் குலுக்கக் கூடாது, போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தெருவில் நின்று வசூலிப்பதென்றால் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். வாளியைத் திறக்கும்போது இரண்டு பெரியவர்கள் இருந்து எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

உன் மருமகன் பை அடுக்கிய நாளில் நான் தள்ளி நின்று பார்த்தேன். முதலில் வந்த பாட்டியம்மாளுக்கு முட்டையைக் கீழே வைத்து அதன் மேல் பால் கேனை வைத்தான். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கனமானது கீழே, முட்டை மேலே என்று காட்டிக்கொடுத்து, காசும் போட்டுவிட்டுப் போனார். வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வைக்காதவன் அன்று சாயங்காலம் வரை நின்றான்.

நானும் சும்மா இருக்கவில்லை. கேக் விற்கிற நாளில் எல்லாரும் கேக்தானே கொண்டுவருவார்கள் என்று மசால் வடை போட்டுக் கொண்டுபோனேன். சோம்பு வாசனைக்கே கூட்டம் வந்தது. ஒரு வடை ஒரு பவுண்டு. அம்மாவிடம் சொல், அவருடைய கைப்பக்குவத்தில் கட்டிய செங்கல்லும் நாலு அந்தச் சுவரில் இருக்கிறது என்று.

அப்புறம் துடுப்புப் போடுகிற பந்தயம். பந்தயம் என்றாலும் யாரையும் ஜெயிக்கிறதில்லை. துறைமுகத்துக்குள் மிதவையைச் சுற்றி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர் எல்லாரும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை சுற்று வருகிறதோ அத்தனைக்கும் காசு. நீ போனில் விளையாட்டாக ஒப்புக்கொண்டாயே, அதுவும் தாளில் ஏறிவிட்டது. மாமாதான் உனக்காகக் கட்டினார். கொட்டகைக் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்.

இங்கே அரசாங்கமும் ஒரு வழி வைத்திருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நன்கொடை கொடுத்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் இன்னொரு 25 பென்ஸை வரித்துறை அந்த அமைப்புக்குத் தருகிறது. லாட்டரி நிதியிலிருந்தும் ஒரு தொகை கிடைத்தது. இந்த நாட்டுத் தேசிய லாட்டரி 1994-இல் தொடங்கியது, டிக்கெட் காசில் ஒரு பங்கு இப்படிப் பொதுக் காரியங்களுக்குப் போகிறது. நம் ஊரில் 2003-இல் லாட்டரியை ஒழித்தபோது அம்மா நிம்மதியாகத் தூங்கினார், அதனால் இதை அப்பாவிடம் மட்டும் சொல், சந்தோஷப்படுவார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுகிற ஆர்.என்.எல்.ஐ. என்ற அமைப்பின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1824-இல் ஆரம்பித்தது. இன்றைக்கும் ஜனங்களின் நன்கொடையில்தான் ஓடுகிறது. மீட்புப் படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். கடைக்காரர், தச்சர், ஆசிரியை, கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடுவார்கள். 1886-இல் 'மெக்சிகோ' என்ற கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போய், ஒரே இரவில் மீட்புப் படகுக்காரர்கள் 27 பேர் செத்துப்போனார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டியபோதுதான், இந்த அமைப்பே சில பணக்காரர்களின் தயவில் ஓடுகிறது என்பது வெளியே தெரிந்தது. மான்செஸ்டரில் ஒரு பஞ்சாலை முதலாளி 1891-இல் தெருவிலேயே இறங்கி வசூலிக்க ஏற்பாடு செய்தார். நீளக் கம்பின் நுனியில் பையைக் கட்டி மாடி ஜன்னல் வரைக்கும் நீட்டினார்களாம். பிள்ளைகளைப் பை அடுக்க அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சுனாமிக்குப் பிறகு நம் கரைக்கு வந்த ஃபைபர் படகுகள் அப்போது எனக்கு ஞாபகம் வந்தன. கொடுத்தவர்கள் பெயர் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அந்த நேரத்தில் அந்த உதவி இல்லாவிட்டால் நம் வீட்டு அடுப்பே எரிந்திருக்காது, குறை சொல்லவில்லை. ஆனால் அதே சமயத்தில் கட்டிக்கொடுத்த கூடம் ஒன்று நம் தெருக்கோடியில் இருக்கிறதே, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக யார் பெருக்கினார்கள் என்று கேட்டால் உனக்குத் தெரியுமா? கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டால் மட்டும் ஒரு ரூபாய் கணக்கு பிசகினாலும் பஞ்சாயத்தில் நாலு பேர் எழுந்து கேட்கிறார்கள். கொட்டகைக்கும் அப்படி எழுந்து கேட்க ஆள் வேண்டும். நான் மொத்தமாக அனுப்பினால் யார் கேட்பார்கள்?

வெள்ளைக்காரர் வசூலுக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர் பணத்தை நம் ஊரில் ஒரு சங்கம் வாங்க வேண்டுமென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். மன்றத்துக்கு அது கிடையாது. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், அதனால் என் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. வேறு யாரிடமும் வாங்கி என் பெயரில் அனுப்புகிற வேலை வேண்டாம். உன் மன்றத்துக் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

கட்டடம் எழும்பியதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அனுமதி வாங்கவே பாதிக் காலம் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்லலாம், ஒருவர் சொன்னார், பார்க்கிங் போய்விடுமாம். குளிர்காலத்தில் சேற்றில் மேய வருகிற பறவைகளுக்காக, தூண் இறக்குகிற சத்தமான வேலையைத் தள்ளிவைத்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. நீயும் சி.ஆர்.இசட். அனுமதியை, அதாவது கடலோரத்தில் கட்டுவதற்கான அனுமதியை, இப்போதே கேட்டு வை. கடற்கரைப் பக்கம் நிரந்தரக் கட்டடம் என்றால் இழுப்பார்கள். கழற்றி எடுக்கிற மாதிரி கொட்டகை போட முடியுமா என்று யோசி.

அப்பாவுக்கு ஒரு செய்தி. இவர்களிடம் 'மிரர்' என்று ஒரு பழைய ரகப் பாய்ப்படகு இருக்கிறது. 1960-களில், வீட்டிலேயே செய்துகொள்ளட்டும் என்று ஒரு செய்தித்தாள் பின்னால் நின்று கொண்டுவந்தது, பெயரும் அந்தத் தாளின் பெயர்தான். சிவப்புப் பாய். பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்து, உள்பக்கம் கண்ணாடி நார்ப்பட்டையும் ரெசினும் வைத்து ஒட்டுவது. புதிய பட்டறையில் அதில் ஒன்றைப் பிரித்துச் சரிபண்ணுகிறார்கள். ரெசினை அவசரப்பட்டுக் கலந்து டப்பாவிலேயே இறுகவிட்டார்கள். "எங்க தாத்தா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலப்பார்" என்று உன் மருமகன் தலைவரிடமே சொல்லியிருக்கிறான். அவர் தாத்தாவிடம் கேட்க ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதித் தந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறோம், அப்பாவைக் குளித்துத் தயாராக இருக்கச் சொல்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. மிதவைச் சட்டை இல்லாமல் இங்கே ஒரு பிள்ளையும் படகில் ஏறுவதில்லை, நன்றாக நீந்துகிறவன்கூட. கல்லைக் கட்டிப் போட்டும் அப்பர் மிதந்து கரையேறிய ஊர் என்று நாம் பெருமை பேசுகிறோம். மஞ்சக்குப்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீந்தவே தெரியாது. என் பணத்தில் முதலில் சட்டைகளை வாங்கு, பல அளவுகளில். கூரையை ஊர் போடட்டும்.

வசூலுக்கு வழி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் சும்மாதான் இருப்பார்கள், பள்ளிக்கும் கோடை விடுமுறை. கெடிலத்தில் சுற்றுக்கு இத்தனை ரூபாய் என்று துடுப்புப் பந்தயம் வை. மாசி மகத்துக்குச் சில்வர் பீச்சில் கூட்டம் நெரியும்போது பிள்ளைகளை மோர், சுண்டல் விற்க வை. வரவு செலவை நோட்டில் மட்டும் எழுதாமல் மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு பலகையில் எழுதிப் போடு. பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கட்டும். பலகையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அது வந்த பிறகுதான் பணம் போடுவேன். மூன்று தவணையாக.

அம்மா கேட்டால் சாப்பிடுகிறேன் என்று சொல். கருவாடு அனுப்ப வேண்டாம், சென்ற தடவை வீடு முழுக்க வாசனை, மேல்வீட்டுக்காரர் கேஸ் கசிகிறது என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்புடன்,
அக்கா