டீசல் கணக்கும் ஓட்டுநர் உயிரும்: லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர்களுக்கும் அவர்தம் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று வண்டிகளுக்கு மாலை சூட்டி, வாழைக்கன்று கட்டி, ஓட்டுநர்களுக்கு வேட்டி சட்டையும் போனசும் கொடுத்து மரியாதை செய்கிறீர்கள். லாரி அலுவலகங்களில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் அந்த மரியாதை உள்ளன்போடு செய்யப்படுவது என்பதை அறிவேன். உங்களில் பலர் கிளீனராக வண்டி ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கிச் சொந்த வண்டி வைத்தவர்கள். ஸ்டியரிங் பிடித்தவரின் அலுப்பை உங்களுக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், ஓட்டுநருக்குச் செய்யும் மரியாதையும் அவருடைய உயிருக்கான பாதுகாப்பும் நடைக் கணக்கு, அதாவது ஒவ்வொரு பயணத்தின் வரவு செலவு, முடிக்கும் மேசையில்தான் தீர்மானமாகின்றன என்பதையும், அந்த மேசையின் வழக்கங்களுள் சில மாறியே ஆகவேண்டும் என்பதையும் சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

வடநாட்டு நடை முடித்து வரும் ஓட்டுநர் ஒரு பாலித்தீன் உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். டீசல் பில், எடைமேடைச் சீட்டு, பஞ்சர் ஒட்டிய துண்டுக் காகிதம், ஏற்று கூலி இறக்கு கூலி எழுதிய கையெழுத்துச் சீட்டு எல்லாம் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கணக்கர் முதலில் பார்ப்பது டீசலைத்தான். ஓடிய கிலோமீட்டரை, அந்த வண்டிக்கென்று அலுவலகம் வைத்திருக்கும் மைலேஜால் வகுத்து, அதற்குமேல் எத்தனை லிட்டர் போயிருந்தாலும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓட்டுநரின் பயணப்படியான பேட்டாவில் கழிப்பார். மீதமானால் ஓட்டுநருக்கு லாபம், குறைந்தால் அவருக்கே நட்டம். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மலைப்பாதையில் ஏறியதா, கூடுதல் எடையோடு சென்றதா, நெரிசலில் மணிக்கணக்காக நின்றதா என்று அந்தச் சிவப்பு வட்டம் கேட்பதில்லை.

பேட்டாவில் விழும் அந்தக் கழிவுக்கு அஞ்சிய ஓட்டுநர் தொப்பூர் கணவாயில் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் நியூட்ரலில் வண்டியை விடுகிறார். கியர் இல்லாத வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயன்படாது. முழுச் சுமையும் சக்கரங்களின் பிரேக்கின்மீது விழுகிறது. விடாமல் மிதிக்க மிதிக்க டிரம்மும் லைனிங்கும் சூடேறி, பிடிப்பு இளகி, அங்குள்ள இரட்டைப் பாலத்தை நெருங்கும்போது மிதித்தும் நிற்காத வண்டியாக அது ஆகிவிடுகிறது. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரி அங்கே முன்னால் இருந்த வாகனங்கள்மீது வரிசையாக மோதி உயிர்களைப் பறித்தது. 2024 ஜனவரியிலும் அதே கணவாயில் உயிர்ப்பலி நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி முடிக்கிறார்கள். இறக்கத்தில் எந்த கியரில் செல்வது என்ற முடிவு எங்கோ ஓர் அலுவலக மேசையில் சிவப்பு மையால் முன்பே எடுக்கப்படுகிறது என்பதை எவரும் எழுதுவதில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்தச் சேமிப்பே பெரும்பாலும் வீண் என்பதுதான். மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும் இன்றைய எஞ்சின்களில், வண்டி கியரில் இருக்க ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சரிவில் இறங்கினால், டீசல் பாய்வது தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகத் தொடர்ந்து டீசல் குடிக்கிறது. பழைய வண்டிகளின் காலத்தில் பழகிய வழக்கம் புதிய வண்டிகளிலும் தொடர்கிறது. வண்டி விற்கும் நிறுவனங்களின் பயிற்சியாளர்களை அழைத்து, ஓட்டுநரையும் கணக்கரையும் உரிமையாளரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இதை விளக்கச் செய்வது உங்கள் சங்கங்களால் முடியாத காரியமா? அதோடு தடத்துக்கும் சுமைக்கும் ஏற்றபடி தனித்தனி மைலேஜ் வகுத்து, கணவாய்களைக் கடக்கும் நடைகளில் டீசல் குறைவைப் பேட்டாவில் கழிப்பதில்லை என்று அறிவித்துவிட்டால், தொப்பூரில் வைக்கும் எந்த எச்சரிக்கைப் பலகையையும் விட அது அதிகம் காப்பாற்றும்.

அடுத்தது உறக்கம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு என்று வகுத்துவிட்டது. நம் தொழிலில் இவை எந்த அளவுக்கு ஏட்டில் நிற்கின்றன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் மாநிலம் கடந்து ஓடும் தேசிய பெர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் கட்டாயமாக இருந்தனர். 2018-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. கிளீனராக வரும் பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். இன்று நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றும் ஓட்டுநர் தாமே ஓட்டி, தாமே தார்ப்பாய் கட்டி, டீசல் திருட்டுக்கு அஞ்சித் தாமே காவலிருந்து, காலையில் சந்தை கூடுமுன் வந்து சேர வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே வருகிறார். விதி தளர்ந்ததால் உடம்பின் தேவை தளர்ந்துவிடாது.

2025 மார்ச்சில் எரிவாயு டேங்கர் லாரிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்ற எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த நிபந்தனையும் எதிர்க்கப்பட்டவற்றுள் ஒன்று. அபராதத் தொகை மிகையென்று வாதாட உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆயினும் வண்டியில் இரண்டாவது ஆள் வேண்டும் என்ற அடிப்படையை, எண்ணெய் நிறுவனங்கள் கேட்பதற்கு முன்பே நாம் கேட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

வாடகை கட்டுப்படியாகவில்லை, சுங்கக் கட்டணமும் காப்பீடும் ஏறிவிட்டன, இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். லோடு ஏற்றவும் இறக்கவும் ஆலை வாசல்களில் வண்டிகள் வீணாக நிற்கும் நாட்களுக்கு ஹால்ட்டிங் பணத்தைத் தனி உரிமையாளர் கேட்டால் அடுத்த லோடு அவருக்குக் கிடைக்காது. சங்கமாகக் கேட்டால் கிடைக்கும். அப்படிப் பெறும் தொகையில் ஒரு பங்கு ஓட்டுநருக்கு என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். வாசலில் காத்திருந்து இழந்த நேரத்தை நெடுஞ்சாலையில் உறங்காமல் ஓட்டி ஈடுகட்ட வேண்டும் என்ற நெருக்கடி அதனால் பாதியாவது குறையும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியுள்ளது. அதை ஓடவிட்டால் டீசல் ஆகும் என்று சொல்லி அணைத்து வைக்கச் சொல்லாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். மே மாதத்தில் நாக்பூர்ப் பக்கம் பகலில் கேபினுக்குள் படுத்துறங்க முயன்றவருக்கு அதன் அருமை தெரியும். கண் பரிசோதனையும் அப்படியே. தொழில்முறை உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். நாற்பதைக் கடந்த கண் அவ்வளவு காலம் காத்திராது. ஆண்டுக்கொரு முகாம் நடத்தி, கண்ணாடியையும் சங்கச் செலவில் கொடுத்துவிடுங்கள்.

இறுதியாக, பேசத் தயங்கும் ஒரு விஷயம். நம் ஓட்டுநர்களுள் பெரும்பாலோர் வேலைக்கான ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லாமல் வண்டி ஓட்டுகிறார்கள். விபத்தில் ஓட்டுநர் இறந்தால், இழப்பீடு பெறச் சட்டப்படி குடும்பத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் யாரிடம் வேலை செய்தார், என்ன சம்பளம் வாங்கினார் என்ற முதல் கேள்விக்கே விடை தர முடியாமல் மனைவி அலைகிறார். பேட்டா ரொக்கமாகவே போனதால் வங்கிக் கணக்கிலும் தடயம் இராது. பணிநியமனக் கடிதம் ஒன்று, மாதச் சம்பளம் வங்கி வழியாக, காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்று ஓட்டுநரின் வீட்டில். இவற்றுக்கு உங்களுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

டீசல் கழிவு, இரண்டாவது ஆள், ஹால்ட்டிங் பங்கு, நியமனக் கடிதம் ஆகிய நான்கையும் உங்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்குமாறும், அக்கூட்டத்துக்கு ஓட்டுநர்கள் சிலரையும் அழைத்து மேடையில் பேசவிடுமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலை ஒவ்வொரு லாரி அலுவலகத்திலும் கணக்கு மேசைக்கு எதிரே, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டச் செய்யுங்கள்.

இங்ஙனம்,
லாரி அலுவலகங்களில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒருவர்
நாமக்கல்