பாநயத் தலைப்புகளைப் பள்ளியோடு விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கி இளங்கலைத் தமிழில் சேர்கிறவர்கள்கூடத் திறனாய்வுத் தாளில் தடுமாறுகிறார்கள். இதற்குப் பள்ளிப் பழக்கம்தான் காரணம். 'பாநயம் பாராட்டுக' என்ற வினாவுக்குத் திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். கல்லூரி வகுப்பில் அதே விடையை எழுதினால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. எதுகை இருக்கிறது என்பதோடு அங்கே விடமாட்டார்கள்; அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்பார்கள். முதலாண்டு மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் ஒரு பாட்டையே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

குறுந்தொகை 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது. ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

எடுத்த எடுப்பில் உரையைத் திறக்க வேண்டாம். மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாம் முறை புணர்ச்சியைப் பிரித்துப் படியுங்கள்: தான் அது, யான் எவன், உண்டு தான். புரியாத சொற்களை அடிக்கோடிட்டு அகராதியில் பாருங்கள். ஆரல் ஒரு மீன்; குருகு கொக்கு போன்ற ஒரு நீர்ப்பறவை; ஞான்று என்றால் நாள், பொழுது. அதன்பிறகு உ.வே.சா. உரையையும் (1937 பதிப்பு) வேறோர் உரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உரையும் வேறுபடும் இடத்தில் குறிப்பெடுங்கள். கட்டுரைக்கான கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து, யார் பேசுகிறார், யாரிடம், எப்போது என்று பார்க்க வேண்டும். தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட்டபோது தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது துறைக்குறிப்பு, அதாவது பாட்டின் சூழலைச் சொல்லும் குறிப்பு. 'அவன் என்னோடு கூடிய நாளில் கள்வனாகிய அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரலைப் பார்க்கும் குருகும் இருந்தது' என்கிறாள் அவள். 'கபிலர் இங்கே வருந்துகிறார்' என்று எழுதுவது முதலாண்டில் மிகுதியாகக் காணப்படும் பிழை. வருந்துகிறவள் தலைவி, கபிலர் அவளைப் பேசவைத்தவர். துறைக்குறிப்பைக்கூடப் பாட்டின் உறுப்பாக எண்ணிவிடக் கூடாது. அது பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பது அறிஞர் பலர் கருத்து. அதை மிகப் பழைய ஒரு வாசிப்பு என்று கொண்டால் போதும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். பென்சிலால் 'தான்' என்ற சொல்லை வட்டமிடுங்கள். முதல் அடியில் ஒன்று, இரண்டாம் அடியில் ஒன்று, கடைசி அடியில் ஒன்று. 'யான்' ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் 'தான்' நின்ற அடியிலேயே, அதற்கு எதிரே. 'தானது', 'யானெவன்' என்று முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் அமைந்தது பொழிப்பெதுகை. 'எதுகை நயம் சிறப்பாக உள்ளது' என்று எழுதினால் அது பாநயம். 'அவன் பொய் சொன்னால் இவளிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்த இருவரையும் எதுகை ஒரே அடியில் எதிரெதிரே நிறுத்துகிறது' என்று எழுதினால் அது திறனாய்வு.

இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள். யாருமே இல்லை என்று தொடங்கியவள், ஐந்தாம் அடியில் 'குருகும் உண்டு' என்கிறாள். சாட்சி ஒன்று அகப்பட்டுவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய அடியே அந்தச் சாட்சியைக் கெடுத்துவிட்டது. குருகு பார்த்துக்கொண்டிருந்தது ஓடும் நீரில் வரும் ஆரல் மீனை. சாட்சி செய்ய வேண்டிய வேலை பார்ப்பது; அந்தப் 'பார்க்கும்' என்ற சொல்லே இங்கே மீனுக்குப் போய்விடுகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் மனத்தை அறுக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் கற்பிக்கவும் கூடாது. நான்காம் அடியில் மூன்றே சீர் இருப்பதைக் கண்டு, 'கொக்கின் அசைவின்மையைக் காட்டக் கவிஞர் அடியைச் சுருக்கினார்' என்று எழுதத் தோன்றும். இது நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராய் வருவது அதன் இலக்கணம். யாப்பின் விதியைக் கவிஞரின் தனி உத்தி என்று எழுதினால், திருத்துகிறவர் அந்தப் பத்தி முழுவதையும் நம்பமாட்டார்.

திணை அட்டவணையிலும் இதே சிக்கல் உண்டு. முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்து உயிர்களும் பொருள்களும்), உரி (காதல் ஒழுக்கம்) மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டு, நீர்ப்பறவையும் மீனும் வந்தாலே நெய்தல் அல்லது மருதம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது குறிஞ்சித் திணைப் பாட்டு. திணையைத் தீர்மானிப்பது உரிப்பொருள். எந்நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வரலாம், வந்த நிலத்துக்கு உரியனவாகவே அவை கொள்ளப்படும் என்று தொல்காப்பிய அகத்திணையியல் இடம் கொடுக்கிறது. கபிலரும் அந்தக் குருகின் காலுக்கு மலைப்புனத்துத் தினைத்தாளையே உவமை சொல்கிறார். அட்டவணையை ஒரு பக்கத்துக்கு எழுதிவைப்பதைவிட இந்த ஓர் உவமையை நான்கு வரியில் விளக்குவது மேல்.

தேர்வு பற்றி ஒரு கணக்கு. 3 மணி நேரம், 75 மதிப்பெண் என்றால், 10 மதிப்பெண் வினாவுக்கு 24 நிமிடம் கிடைக்கும். முதல் 4 நிமிடம் எழுதாமல் யோசித்து, உங்கள் கருத்தை ஒரே வாக்கியமாக்குங்கள். 'கபிலர் தலைவியின் துயரை மிக அழகாகப் பாடியுள்ளார்' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை; ஆகவே நிறுவவும் ஒன்றுமில்லை. 'இருந்தும் உதவாத ஒரு சாட்சியைக் காட்டித் தலைவியின் தனிமையை இப்பாட்டு இன்னும் பெரிதாக்குகிறது' என்றால் ஒருவர் மறுக்கலாம், நீங்கள் நிறுவலாம். பிறகு மூன்று பத்தி, பத்திக்கு 6 நிமிடம். மீதி 2 நிமிடத்தில் 'அருமையான', 'மிகச் சிறப்பாக' போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். மேற்கோளாக முழுப் பாட்டையும் எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். இரண்டு மூன்று சொல்லை எடுத்தாண்டு, அதைப் பற்றி மூன்று வரியாவது எழுதுங்கள். அப்படி எழுத வராவிட்டால் அந்த மேற்கோளே வேண்டாம்.

வீட்டுக் கட்டுரை என்றால் பாட்டின் எண்ணையும் எந்தப் பதிப்பு என்பதையும் குறிக்க மறக்காதீர்கள். பாட வேறுபாடு உள்ள இடங்களில் இது இல்லாமல் வாதம் நிற்காது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சங்கப் பாட்டை உரையில்லாமல் வெளியிடுங்கள். மறுவாரம் அதற்கு இரண்டு உரைகளையும், மாணவர் அனுப்பிய விடைகளில் ஒன்றை ஆசிரியர் ஒருவர் திருத்திய குறிப்புகளோடும் போடுங்கள். சங்க இலக்கிய மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்கப் பாட்டு இருக்கிறது. எழுதியதைத் திருத்திக் காட்டும் இடம்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழ் மாணவி,
மதுரை.